கலந்து நடந்தவர்கள்

(கொழிஞ்சாம்பாறை வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

பெரியோர்களே, நாளைக்குச் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, பைனல் ஆடப்போகும் தம்பிகளே, வணக்கம்.

ஒலிம்பிக் தொடக்க அணிவகுப்பை டிவியில் பார்த்திருப்பீர்கள். கிரீஸ் முதலில் வரும். போட்டியை நடத்தும் நாடு கடைசியில் வரும். அவரவர் கொடிக்குப் பின்னால் அவரவர் ஆட்கள். நிறைவு விழாவில் அப்படி இல்லை. எந்த நாட்டுக்காரர் எங்கே நடக்கிறார் என்றே தெரியாதபடி கலந்து வருவார்கள். இது கிரேக்கர்கள் காலத்து வழக்கம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தொடங்கியது 1956-இல், மெல்போர்னில்.

நமக்கும் அது சாதாரண வருடமா? நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் பிறந்தது. தமிழ் பேசும் நம் சித்தூர் தாலூகா கேரளத்துப் பக்கமே நின்றது. மூன்று வாரம் கழித்து, 22-ஆம் தேதி, மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கியது.

உலகம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள், சூயஸில் சண்டை. நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, எகிப்து, இராக், லெபனான் எல்லாம் வரவில்லை. டிசம்பர் 6 அன்று வாட்டர்போலோ என்ற நீர்ப்பந்து ஆட்டத்தில் ஹங்கேரியும் சோவியத்தும் மோதின. ஹங்கேரி 4-0 என்று முன்னே நிற்கும்போது அதன் வீரர் எர்வின் சாடோர் முகத்தில் அடிபட்டு ரத்தம் வழிய வெளியே வந்தார். கூட்டம் கொந்தளித்ததால் முடிவதற்குள்ளேயே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

இந்த நேரத்தில் ஒலிம்பிக் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் மெல்போர்னில் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த 17 வயதுச் சீனப் பையன், ஜான் இயன் விங். நிறைவு நாளில் எல்லோரும் கலந்து நடக்கட்டும், அந்த நடையில் ஒரே நாடுதான் இருக்கும் என்று எழுதி, எப்படி நடப்பது என்று படமும் போட்டிருந்தான். ஒரு தச்சுப் பையன் சொல்வதைக் கேட்பதா என்று அவர்கள் தூக்கிப் போடவில்லை. டிசம்பர் 8 அன்று அப்படியே நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், தம்பிகளுக்காக ஒன்று. அந்த மெல்போர்னில்தான் நம் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். கடைசியில் இந்தியாவுக்கு நான்காம் இடம். நம் ஒற்றப்பாலத்தில் பிறந்த கோல்கீப்பர் நாராயணனும் அந்த அணியில் இருந்தார்.

நாளைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து டீமும் வருகிறது. பரிசு கொடுக்கும்போது வழக்கம்போல இரண்டு வரிசையாக நிற்க வேண்டாம். கலந்து வாருங்கள். கமிட்டிக்காரர்களிடம் நான் பேசிவிட்டேன், சரி என்றார்கள்.