எண்ணெய்க் காசு வருமானமே இல்லை, நடுவர் அவர்களே!

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாடு, எண்ணெய் விற்ற காசை வெளிநாட்டுப் பங்குச்சந்தையில் போட்டு வைப்பதா?" என்று எதிரணியில் கேட்டார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். கேள்வி நியாயம்தான் நடுவர் அவர்களே, கணக்குதான் தப்பு! எண்ணெய் சொத்து. அதை விற்று வருவது வருமானமல்ல, சொத்து விற்ற காசு. நிலத்தை விற்று மாதச் செலவை ஓட்டும் வீடு எத்தனை நாள் தாங்கும்?

நார்வேயைப் பாருங்கள். 1969-இல் எண்ணெய் கண்டார்கள். அந்தக் காசைச் சேர்த்து வெளிநாட்டில் முதலீடு செய்யும் நிதியத்துக்குச் சட்டம் வந்தது 1990-இல், முதல் பணம் விழுந்தது 1996-இல். ஆக, அவர்களும் முதல் நாளே உத்தமர்களாகிவிடவில்லை! எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் 78 சதவீதம் வரி. அரசுக்கு வரும் நிகர எண்ணெய்ப் பணம் முழுவதும் நிதியத்துக்குள் போகும். பட்ஜெட்டில் விழும் துண்டை அடைக்க மட்டுமே வெளியே வரும். அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு: விலைவாசி உயர்வு போக நிதியம் ஈட்டும் என்று எதிர்பார்க்கிற தொகை. 2001-இல் அதை நிதியத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்தார்கள், 2017-இல் 3 ஆகக் குறைத்தார்கள். மந்த காலத்தில் கொஞ்சம் கூட எடுக்கலாம், செழித்த காலத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். இதனால் எண்ணெய் விலை பாதியாகச் சரிந்தாலும் ஆசிரியர் சம்பளம் ஆடாது. நாடு மாறுவது இங்கேதான்!

ஏன் வெளிநாட்டில்? அந்த டாலரையெல்லாம் உள்ளூரில் கொட்டினால் நாணய மதிப்பு ஏறும், கூலி ஏறும், மற்ற ஏற்றுமதித் தொழில்கள் விலை கட்டாமல் படுத்துவிடும். 1959-இல் குரோனிங்கனில் எரிவாயு கண்ட நெதர்லாந்து பட்ட பாட்டுக்கு 'டச்சு நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான். கொத்தனாரையும் ஆசிரியரையும் ஒரே ஆண்டில் உருவாக்க முடியாது. அவசரமாகக் கொட்டும் பணம் சிமெண்ட் விலையைத்தான் ஏற்றும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே, குறைந்த வருவாய்க்குச் சேமிப்பது அசட்டுத்தனம். அங்கே முதலில் கடனை அடைக்க வேண்டும்.

"ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் இப்படிச் சேமித்தது தோற்றதே?" என்பார்கள். ஆமாம், எதிர்காலத் தலைமுறைக்கென்று சட்டம் போட்டு வைத்த நிதியை 2006-இல் அந்த அரசே சட்டத்தைத் திருத்திக் கலைத்தது. உண்டியல் இருந்தது, சாவி செலவழிப்பவர் கையிலேயே இருந்தது! நார்வேயில் எந்த நிறுவனத்தில் எவ்வளவு பங்கு என்பதையே பட்டியல் போட்டு வெளியிடுகிறார்கள். எடுத்தால் ஊருக்குத் தெரியும்.

கடைசியாகக் குவைத். 1976-இலிருந்து ஆண்டு வருவாயில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறை நிதிக்கு ஒதுக்கிவந்த நாடு. 1990 ஆகஸ்டில் ஈராக் படை புகுந்தது. அடுத்த ஆண்டு எண்ணெய்க் கிணறுகள் பற்றி எரிந்தன. உள்ளூரில் கட்டி வைத்ததெல்லாம் எதிரி கையில். நாடு கடந்து இயங்கிய அரசு செலவுக்கு எதை எடுத்தது? எதிரணி பழித்தார்களே, வெளிநாட்டில் போட்டு வைத்த அதே பணத்தைத்தான்!