மலையேறும் ரைஃபிளுக்கு எடை குறைந்த ஸ்கோப்: எதை விடலாம், எதை விடக்கூடாது

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து பேசுகிறேன். என் முன்னால் இருக்கும் மேசையில் ஒரு டிக்கா டி3எக்ஸ் லைட் ரைஃபிளும், இரண்டு ஸ்கோப்புகளும் (குறி பார்ப்பதற்காக ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக் குழல்கள்), சமையலறையில் மாவு நிறுக்க வைத்திருக்கும் டிஜிட்டல் தராசும் இருக்கின்றன. ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டேன், மேகசினும் வெளியே இருக்கிறது, தோட்டாக்கள் இந்த அறையிலேயே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மலை வேட்டைக்கு எடை குறைந்த ஸ்கோப் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எந்த வேட்டைக்கு, எந்த நிலத்தில் என்பது தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது என்பதால், நான் எங்கே ஏறுகிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்குத் தீவின் மலைகளில் நான் தேடிப் போவது இமாலய வரையாடு. இங்குள்ளவர்கள் அதைத் 'தார்' என்கிறார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் அன்பளிப்பாக அனுப்பிய சில ஆடுகளை 1904-ஆம் ஆண்டில் மவுண்ட் குக் மலையடிவாரத்தில் விட்டார்கள். அவற்றைக் கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாத அந்த மலைகளில் அவை பெருகி, உயரத்தில் மட்டுமே வளரும் செடிகளை மேய்ந்து அழிக்கத் தொடங்கியதால், 1993-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுத் திட்டம் அவற்றின் எண்ணிக்கைக்கு 10,000 என்று வரம்பு வைத்தது. நம் நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது, அதைத் தொடக்கூடாது. இங்கேயோ, துப்பாக்கி உரிமமும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டும் வைத்திருப்பவர்கள் இந்த ஆடுகளை வேட்டையாடிக் குறைப்பதை அரசே வரவேற்கிறது.

ஆற்றுப்படுகையில் கூடாரம் அடித்தால், அங்கிருந்து ஆடுகள் மேயும் பாறை விளிம்புகளுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும். காலடியில் சரளைக் கல் சரியும், பிடித்து ஏறலாம் என்று கை நீட்டினால் முட்புதர் தைக்கும். முதுகுப்பையில் இருக்கும் எடையை இடுப்பு தாங்கிக்கொள்கிறது. ரைஃபிளோ ஒரு தோளில் வாரில் தொங்குகிறது, அல்லது ஒரு கையில் இருக்கிறது; அதிலும் ஸ்கோப் ரைஃபிளின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் ரைஃபிளைத் தோளிலிருந்து புரட்டித் தள்ளப் பார்க்கும் என்பதை, ஒரு நாள் முழுக்கச் சுமந்து நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது தராசைப் பாருங்கள். இந்தப் பெரிய ஸ்கோப் நான் முன்பு வைத்திருந்தது, 5-25x56 வகை; அதாவது 5 முதல் 25 மடங்கு வரை பெருக்கும், முன் லென்ஸின் விட்டம் 56 மில்லிமீட்டர். எண் 940-இல் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு இந்தச் சிறியதை வைக்கிறேன், 3-10x42 வகை, 362 கிராம். ரைஃபிள் மட்டும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை குறைந்த ரைஃபிள் வேண்டும் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பவும் அதன் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். இங்கே வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் குழாய் முனையில் வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சப்ரெஸரும் பொருத்துகிறார்கள். அது இந்த நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, காதுக்கும் நல்லது, ஆனால் அதற்கும் முந்நூறு, நானூறு கிராம் போய்விடும். ஸ்கோப்பில் குறைத்த எடைதான் அதற்கு இடம் கொடுத்தது.

சரி, இரண்டு ஸ்கோப்புகளுக்கும் இடையே உள்ள அந்த ஏறத்தாழ 580 கிராம் எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம். பெரிய பங்கு முன்பக்கத்தில் இருக்கும் பொருளருகு லென்ஸிலும் அதைத் தாங்கும் அகன்ற கூட்டிலும் இருக்கிறது. அடுத்தது உருப்பெருக்கத்தின் வீச்சு: மூன்று மடங்கு வீச்சுள்ள 3-9 வகைக்குத் தேவைப்படுவதைவிட ஐந்து, ஆறு மடங்கு வீச்சுள்ள வகைக்கு உள்ளே அதிகமான கண்ணாடிகள் தேவைப்படுகின்றன. அதன் பிறகு பக்கவாட்டில் குவியம் திருத்தும் குமிழ், ஒளிரும் ரெட்டிக்கிளுக்கான (உள்ளே தெரியும் குறிக்கோடுகளுக்கான) பேட்டரி அறை, குறியை நகர்த்துவதற்காக மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும், விரலால் திருப்பும் உயரமான டரட்டுகள், 34 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கிறது. தடித்த குழல் அதிக வெளிச்சம் தரும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. அதனால் கிடைக்கும் முக்கியமான பயன், ரெட்டிக்கிளை மேலும் கீழும் நகர்த்துவதற்குக் கூடுதலான இடம். அது ஆயிரம் மீட்டர் இலக்குப் பலகையைச் சுடுபவருக்குத் தேவை. ஒரு அங்குலக் குழலே நம் வேலைக்குப் போதும்.

ஏன் போதும் என்பதை எண்களோடு சொல்கிறேன். 7எம்எம்-08 வகைத் தோட்டாவைச் சுடும் ஒரு ரைஃபிளை 200 மீட்டருக்கு ஜீரோ செய்து வைத்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த புள்ளியிலேயே தோட்டா படும்படி திருத்தி வைத்தால், 100 மீட்டரில் தோட்டா சில சென்டிமீட்டர் மேலே போகும். 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். இதற்கு டரட்டைத் திருப்ப வேண்டியதே இல்லை. முதுகுக் கோட்டை ஒட்டிப் பிடித்தால் போதும். முந்நூறுக்கு அப்பால், காற்று பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் சுழலும் என்று கணிக்க முடியாத இந்த மலைகளில், நான் சுடுவதில்லை. காயம்பட்ட ஆடு கால் வைக்க முடியாத பாறை இடுக்குக்குள் போய்ச் சாகும். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வராது. இன்னும் ஐம்பது மீட்டர் கிட்டே போவதற்குத்தான் எடையைக் குறைக்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றை அழுத்தமாகவே சொல்கிறேன். ஸ்கோப் குறி வைப்பதற்கான கருவி. தேடிப் பார்ப்பதற்கான கருவி பைனாகுலர். எதிர்ச்சரிவில் அசைவது ஆடா, கல்லா, இன்னொரு வேட்டைக்காரரின் தொப்பியா என்று அறிய ஸ்கோப்பைத் தூக்கினால், அடையாளம் தெரியாத ஒன்றின் மீது துப்பாக்கிக் குழாயை நீட்டுகிறோம் என்று பொருள். குறியை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண வேண்டும் என்பது இந்த நாட்டின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அதை மீறியதால் மனித உயிர்கள் போயிருக்கின்றன. பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டவருக்கு 25 மடங்கு பெருக்கும் ஸ்கோப் தேவைப்படாது. எட்டு அல்லது பத்து மடங்கே தாராளம். 200 மீட்டரில் ஆறு மடங்கில் வைத்தே நான் பெரும்பாலும் சுட்டிருக்கிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 42-ஐ 6-ஆல் வகுத்தால் 7. இருட்டில் இளைஞரின் கண்பாவை விரியும் அளவும் ஏறக்குறைய அதுதான், வயதானால் அது ஐந்து, அதற்கும் கீழே என்று சுருங்கிவிடும். அதே 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2. அந்தப் பெரிய ஸ்கோப்பிலோ, 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.2-தான் வருகிறது, அதாவது மாலையில் அதைக் குறைந்த உருப்பெருக்கத்துக்குக் கொண்டுவந்தால்தான் எதுவும் தெரியும், அப்படியானால் அந்த 25-ஐ எதற்காகச் சுமந்தோம்? ஆடுகள் மாலையில்தான் பாறை நிழலை விட்டுப் புல்லுக்கு இறங்கும் என்பது உண்மை. ஆனால் பொது நிலத்தில் விளக்கு அடித்து வேட்டையாடவும் அனுமதி இல்லை, முழு இருட்டில் சுடவும் அனுமதி இல்லை. ஆகவே 36-லிருந்து 42 வரையிலான லென்ஸ் அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்குப் போதுமானது. இந்த இடத்தில் லென்ஸின் அளவைவிடக் கண்ணாடியின் தரமும் பூச்சும்தான் வேறுபாட்டைக் காட்டும். பணம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

டரட்டுகளைப் பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெரிய ஸ்கோப்பின் மேல் டரட்டுக்கு மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு ஜூன் மாதத்தில் பள்ளத்தாக்கு ஒன்றில் ஆறு மணி நேரம் ஏறி, பனித் திட்டுக்கு மேலே நின்ற ஒரு கிடாவை 220 மீட்டரில் பார்த்தேன். பிடரி மயிர் காற்றில் அலைந்துகொண்டிருந்தது, அது என்னைப் பார்க்கவில்லை. பையின் மேல் ரைஃபிளைச் சாய்த்து, மூச்சை விட்டு, நிதானமாகச் சுட்டேன். தோட்டா அதன் முதுகுக்கு மேலே பாறையில் பட்டுப் பொடி கிளம்பியது, கிடா விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டது. பிறகுதான் டரட்டைப் பார்த்தேன். வழியில் முதுகுப்பையின் வாரோடு உரசி 14 கிளிக் மேலே திரும்பியிருந்தது. டரட் ஒரு கிளிக் திரும்பினால், தோட்டா படும் இடம் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகரும். 220 மீட்டரில் 14 கிளிக் முப்பது சென்டிமீட்டருக்கு மேல். சுடும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அந்தத் தோட்டா முற்றிலும் தவறியதற்காக, காயப்படுத்தாமல் போனதற்காக, இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அன்றிலிருந்து மலைக்கு எடுத்துப் போகும் ஸ்கோப்பில் மூடி போட்ட டரட் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. அது எடையும் குறைவு.

எடை குறைந்தால் உறுதியும் குறையும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி. சுடும்போது ரைஃபிள் பின்னால் துள்ளுகிறது, ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த இழுபறியைத் தாங்குபவை ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்துவைக்கும் ரிங்குகளும் (வளையங்களும்) சிறிய திருகுகளும்தான். ஸ்கோப் எவ்வளவு கனமோ அவ்வளவு இழுவிசை. எனவே அதே ரைஃபிளில் 362 கிராம் ஸ்கோப் ரிங்குக்குக் கொடுக்கும் சுமை, 940 கிராம் கொடுப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் கவனம்: எடை குறைந்த ஸ்கோப்பின் குழல் சுவர் மெல்லியதாக இருக்கலாம். என் முதல் ஸ்கோப்பில் ரிங் திருகுகளைக் கைப்பலத்தால் முறுக்கிக் குழலை நெரித்தேன். கழற்றிப் பார்த்தபோது வளையத்தின் விளிம்பு நகம் பதிந்ததுபோல் குழலில் பதிந்திருந்தது, அதன்பின் உருப்பெருக்க வளையம் சீராகச் சுற்றவே இல்லை. தயாரிப்பாளர் குறித்திருக்கும் முறுக்கு அளவுக்கு மேல் போகாதீர்கள். பெரும்பாலும் அது இரண்டு நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அதற்கென, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்குரூ டிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ரிங்கையும் தராசில் வையுங்கள். எஃகு ரிங்குக்குப் பதிலாக, அடித்தளமும் வளையத்தின் கீழ்ப்பாதியும் ஒரே துண்டாக இருக்கும் டாலி நிறுவனத்தின் அலுமினிய வகையைப் போட்டால், ஸ்கோப்பைத் தொடாமலேயே எடை குறையும்.

எடை குறைந்த ரைஃபிளின் பின்னுதைப்பு கூடுதல் என்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே தொண்ணூறு மில்லிமீட்டராவது இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். மேல்நோக்கிச் சரிவில் சுடும்போது தலை தானாகவே முன்னால் வந்துவிடும், பின்னால் துள்ளும் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் பிறைநிலா போன்ற வெட்டு விழும். இங்கே அந்தத் தழும்பு இருக்கும் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். நான் இப்போது வைத்திருப்பது சுவரொவ்ஸ்கி இஸட்3 3-10x42. லியூபோல்ட் விஎக்ஸ்-3ஹெச்டி 2.5-8x36 அதைவிடவும் சற்று இலேசானது. முந்நூறு மீட்டருக்குள் நின்றுகொள்பவருக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. வோர்டெக்ஸ் ரேஸர் எல்ஹெச்டி 3-15x42 ஏறத்தாழ 540 கிராம். ஒளிரும் ரெட்டிக்கிளும் பக்கக் குமிழும் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அந்த எடையை ஏற்றுக்கொள்ளலாம். கையில் பணம் குறைவாக இருந்தால், வீச்சு அதிகமுள்ள மலிவான ஸ்கோப்பை விட்டுவிட்டு, நல்ல நிறுவனத்தின் எளிய 3-9x40-ஐ, அல்லது உருப்பெருக்கம் மாறாத பழைய 4 மடங்கு ஸ்கோப்பைத் தேடுங்கள். உள்ளே அசையும் பாகங்கள் எவ்வளவு குறைவோ, கெடுவதற்கும் அவ்வளவு குறைவாகவே இருக்கும்.

வாங்கிய பின், மலைக்குக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். சுடுதளத்தில் 100 மீட்டரில் மூன்று தோட்டா சுட்டுவிட்டு, டரட்டை இருபது கிளிக் மேலே, இருபது வலம், இருபது கீழே, இருபது இடம் என்று சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டு, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி மூன்று சுடுங்கள். கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் இந்தச் சனிக்கிழமை இதைத்தான் செய்யப் போகிறேன். தாள்களைப் படம் பிடித்து அடுத்த பதிவில் காட்டுகிறேன்.