மோட்டார் செட்டு

நேயர்களுக்கு வணக்கம். காரிமங்கலம் பக்கம் முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன்: செட்.

இந்தச் சொல் இல்லாமல் நம் பக்கம் ஒரு நாள் ஓடாது. கிணற்றில் பம்பு செட். மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட். தாத்தா வாயில் பல் செட். ஓசூர்ப் பக்கம் போனால் செட் தோசை; "ஒண்ணு மட்டும் போதுங்க" என்றால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் "செட் ஆகல" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் சுமார் 430 பொருள். அப்புறம் திருத்திய பதிப்பில் 'ரன்' முந்திவிட்டது, அது வேறு கதை.

உண்மையில் இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. முதலாவது பழைய ஆங்கிலச் சொல். உட்கார்வது சிட், உட்கார வைப்பது செட். நம் அமர், அமர்த்து மாதிரிதான். முள்ளை நாலு மணியில் உட்கார வைத்தால் அலாரம் செட். கான்கிரீட் இறுகி உட்கார்ந்தால் செட். பொழுது சாய்வதும் அதே செட்தான். சிரிக்காதீர்கள், நாமும் வண்டி அமர்த்துகிறோம், ஆளை வேலைக்கு அமர்த்துகிறோம், விளக்கைக்கூட அமர்த்துகிறோம். எதற்கும் நாற்காலி போடுவதில்லை.

இரண்டாவது, லத்தீன் 'செக்டா' பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகும் கூட்டம் என்று பொருள். "எங்க செட்டு பசங்க" என்பது இந்த வகை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் கணமும் இதுதான். ஒலி ஒன்றாகிப் போனதால் இரண்டும் கலந்துவிட்டன.

நாம் சும்மா இருப்போமா? மூன்றாவதாக ஷெட்டையும் உள்ளே தள்ளிவிட்டோம். கோழி செட்டு, டிராக்டர் செட்டு எல்லாம் கொட்டகைதான்.

போன மாதம் மாந்தோப்பு வைத்திருக்கும் மச்சானைப் பார்க்கப் போனேன். "மோட்டார் செட்டுல இருக்காருங்கண்ணா" என்றாள் தங்கச்சி. போய்ப் பார்த்தால், தகரக் கொட்டகைக்குள் மோட்டார், அதன் பக்கத்தில் மச்சான்.

"மோட்டார் செட்டுன்னா மோட்டாரா, கொட்டாயா?" என்று கேட்டேன்.

அவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"ரெண்டுக்கும் இது ஒண்ணுதான் மச்சான்."



வணக்கம்.