நீலம், பச்சை, செங்கல் சிவப்பு: என் சுகருக்கு நாற்பது வயது

எல்லோருக்கும் வணக்கம். இன்று ஒரு பழைய பொருளோடு வந்திருக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், தெரிகிறதா? கண்ணாடி சிரிஞ்ச். 1984இல் எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை, என்று தெரிந்தபோது வயது 9. சில வருடங்களுக்கு இதில்தான் இன்சுலின் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் அம்மா இதைத் தண்ணீரில் கொதிக்க வைப்பார். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் லேசாகத் தேய்ப்பார். இந்த ஊசி எவ்வளவு தடிமன், பாருங்கள். இப்போது நான் இன்சுலின் பேனாவில் மாட்டுவது 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய ஊசி. சில நாள் குத்தினேனா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் ஊசி வலி பழகிவிட்டது. பழகாமலே போனது, சுகர் இப்போது எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான்.

அன்றைக்கு வீட்டில் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், பளிச்சென்ற நீலம். அதில் 8 சொட்டு சிறுநீர். இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. குழாயைப் பிடித்திருப்பது அப்பா. நான் குழாயைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். அதிலேயே நிறம் தெரிந்துவிடும்.

இதில் உள்ள கூத்தைக் கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 170 இருந்தாலும் நீலம். 40க்கு இறங்கி நான் மயங்கி விழப் போகிறேன் என்றாலும் அதே நீலம். அதுவும் சில மணி நேரமாகச் சேர்ந்த சிறுநீர். நேற்றைய செய்தித்தாளைப் படித்துவிட்டு இன்றைக்குக் குடை எடுத்துப் போகிற கதைதான்.

இதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 1922க்கு முன்னால் டைப் 1 வந்த குழந்தைக்கு வைத்தியம் என்றால் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சில மாதம் ஓட்டுவார்கள். டொராண்டோவில் 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது அவன் எடை 30 கிலோகூட இல்லை. பாண்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் மாட்டுக் கணையத்திலிருந்து தயாரித்த அந்தச் சாறு சுத்தமாக இல்லை, பெரிதாகப் பலனும் இல்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு 23ஆம் தேதி போட்டதுதான் வேலை செய்தது. பையன் இன்னும் 13 வருடம் வாழ்ந்தான்.

ஆக, என் புட்டியில் இருந்த மாட்டு இன்சுலினும் அதே வம்சம்தான். தொடையில் போட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித இன்சுலினுக்கு 1982லேயே அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

எனக்குப் பிடித்த ஆள் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். அமெரிக்க இன்ஜினியர், டைப் 1. 1969இல் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று வருகிறது, ஆனால் மருத்துவர்களுக்குத்தான் விற்பார்களாம். மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தானே குத்திப் பார்த்தார். நோயாளி வீட்டிலேயே பார்க்கலாம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரே ஆகிவிட்டார்!

அவர் சொன்னது சரி என்பது 1993இல் ஊருக்கே தெரிந்தது. 1,441 பேரை வைத்து நடந்த ஆய்வு. அடிக்கடி சுகர் பார்த்து, அதற்கேற்ப இன்சுலின் போட்டவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதே நேரம் அவர்களுக்குத்தான் லோ சுகரும் அதிகமாக...

ஒரு நிமிடம். கேட்டதா? சுகரை விடாமல் பார்க்க என் கையில் ஒட்டியிருக்கும் சென்சார்தான் போனில் கத்துகிறது. 71, அம்பு கீழே, அதாவது இன்னும் இறங்குகிறது. நல்ல நேரம் பார்த்தது. குளுக்கோஸ் மாத்திரை 4 போட்டுக்கொள்கிறேன், ஒன்றில் 4 கிராம். 15 நிமிடம் கழித்துப் பார்க்கலாம்.

அதற்குள் டைப் 2, அதாவது இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை உள்ள நண்பர்கள் கோபிக்காமல் இருக்க இரண்டு வார்த்தை. மெட்ஃபார்மின் 1957இலிருந்து இருக்கிறது, இன்றும் பெரும்பாலும் முதல் மாத்திரை அதுதான். 2005இல் வந்த எக்ஸனடைடு ஊசி மருந்து பிறந்ததே ஒரு விஷப் பல்லியின் உமிழ்நீரிலிருந்து! எனக்கு வேடிக்கையாக இருப்பது, பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள். அவை சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் தள்ளிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைப் போடுகிறவரின் சிறுநீரை அப்பாவின் குழாயில் கொதிக்க வைத்தால் செங்கல் சிவப்புதான் வரும். அவர் பயந்தே போயிருப்பார்.

சென்சாரிலும் குறை உண்டு. அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. அதனால் சில நிமிடம் பின்தங்கும். உடம்பு ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். சென்சாரோடு பேசித் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிற பம்புக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. நான் இன்னும் போடவில்லை. உடம்பில் இன்னொன்று தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என்னைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, நடுவில் சும்மா உட்கார்ந்திருந்ததை வெட்டிவிட்டேன். இப்போது 88, அம்பு நேராக இருக்கிறது. போய்ச் சாப்பிடுகிறேன்.