நரம்புச் சிலந்திக்கு இறக்கை வைக்கலாமா?

இந்த வாரக் கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் இணைய விளையாட்டு ஒன்றில் டிராகன் முட்டை வளர்க்கிறாளாம். இப்போது தானே ஒரு டிராகனை வரைய உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் ஓர் ஒட்டுண்ணி நோயை வைத்து. "மலேரியா டிராகன் செய்யட்டுமா என்று கேட்கிறாள் சார். நோயை வைத்து விளையாடுவது சரியா?"

தாராளமாக விளையாடட்டும். ஆனால் மலேரியா எதற்கு? கொசுவைப் பற்றி மூன்று காணொளி பேசி ஏற்கெனவே உங்கள் பொறுமையைச் சோதித்துவிட்டேன். பெயரிலேயே டிராகனை வைத்துக்கொண்டு ஒரு புழு இருக்கிறது பாப்பா! டிராகுன்குலஸ் மெடினென்சிஸ். லத்தீனில் டிராகுன்குலஸ் என்றால் குட்டி டிராகன். டிராகனைக் கடல்நாகம் என்னும் நம் சிங்கப்பூர்ச் செய்தி பாணியில் சொன்னால் குட்டிக் கடல்நாகம். உலகம் அதைக் கினிப் புழு என்கிறது. தமிழில் நரம்புச் சிலந்தி. எட்டுக்கால் சிலந்தி இல்லை, பழைய தமிழில் சிலந்தி என்றால் கட்டி, புண் என்றும் பொருள் உண்டு. புண்ணிலிருந்து நரம்பு போல ஒன்று நீண்டு வந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அப்பத்தாவிடம் கேட்டேன். அவர் சிவகங்கைப் பக்கம். 1997இல் இங்கே வந்து எங்களோடு இருந்தார். அது தமகோச்சிக் காலம். முட்டை வடிவப் பொம்மைக்குள் ஒரு பிராணி, பசித்தால் 'பீப் பீப்' என்று கத்தும், கவனிக்காவிட்டால் செத்துப் போகும். பள்ளிக்குக் கொண்டுபோனால் ஆசிரியர் பிடுங்கிக்கொள்வார் என்று அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். ஒருநாள் அதைப் பார்த்தபடியே சொன்னார்: "இது பசிச்சாக் கத்துது. என் காலுக்குள்ள இருந்தது ஒரு வருசம் கத்தவே இல்லையேடா."

அப்போதுதான் கணுக்காலுக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினார். சிறுமியாக இருந்தபோது குடித்த ஊருணித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குச் சட்டென்று படாத தெள்ளுப்பூச்சி இருக்கும், அதன் வயிற்றுக்குள் புழுவின் குஞ்சு. நாம் குடித்தால் தெள்ளு வயிற்றில் செத்துவிடும், குஞ்சு வெளியே வந்து உடம்புக்குள் வளரும். ஏறக்குறைய ஒரு வருடம் எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு காலில் ஒரு கொப்புளம், நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்போம் இல்லையா, அதற்காகத்தான் அது காத்திருக்கிறது! கொப்புளம் உடைந்து பெண் புழு தலைநீட்டும், ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அடுத்து அங்கே தண்ணீர் எடுக்க வருபவர்களுக்கு அது போய்ச் சேரும்.

புழுவின் நீளம் ஒரு மீட்டர்வரை போகும். அப்பத்தாவின் அம்மா அதை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றினாராம், நாளைக்கு இரண்டு விரற்கடை. நான்காம் நாள் அப்பத்தா பொறுக்காமல் இழுத்துவிட்டார். புழு உள்ளேயே அறுந்து, கால் வீங்கி, ஒரு மாதம் பாயோடு பாயாகக் கிடந்தாராம்.

ஆகவே பாப்பாவின் டிராகன் கத்தக் கூடாது. முட்டை வாங்கிய பிறகு திரையில் ஒன்றுமே நடக்கக் கூடாது. விளையாடுபவர் மறந்தே போக வேண்டும், அப்புறம் ஒருநாள் தலைநீட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றினால் வெளியே வரும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். கத்தாத பிராணி, மறந்துவிடாதீர்கள். அதுதான் இதில் பயங்கரமே.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை எப்படி ஒழித்தார்கள்? இதைக் கொல்ல மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள், புண்ணோடு குளத்தில் இறங்காதே என்று வீடு வீடாகச் சொன்னார்கள். 1986இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2023இல் வெறும் 14 பேருக்கு வந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில், நோயற்ற நாடு என்ற சான்று 2000இல். துணிதான், வேறென்ன! என் அப்பத்தா சாகும்வரை முந்தானையில் வடிகட்டாமல் தண்ணீர் குடித்ததில்லை. தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் குழாய்த் தண்ணீரைக்கூட! நாங்கள் சிரிப்போம்.

இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. சாட் நாட்டில் நாய்களுக்கு இந்தப் புழு வருகிறது, அதனால்தான் கடைசிப் படி இழுக்கிறது. பாப்பா விளையாட்டில் ஒரு நாயையும் சேர்த்துக்கொள்ளட்டும். மற்ற விளையாட்டுகளில் பிராணியை உயிரோடு வைத்திருந்தால் மதிப்பெண். இதில் கடைசி முட்டையும் தீர்ந்தால்தான் வெற்றி.

இறக்கை அவள் இஷ்டம். நிறம் மட்டும் வெள்ளை, வெந்த பீஹூன் (அரிசிச் சேமியா) நிறம். தோ பாயோ விளையாட்டுத் திடல் டிராகன் மாதிரி ஆரஞ்சில் வரைந்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன், சொல்லிவிடுங்கள்.