சர்ஜரியின் சிவப்புக் கோடு

வணக்கம். போன வாரம் லண்டன் ஹரோவில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை கைப்பேசியை நீட்டி, "தம்பி, எங்கட சர்ஜரி சராசரியை விட எவ்வளவோ கூட மெட்ஃபோர்மின் எழுதுது, டொக்டர்மார் இதிலை காசு பார்க்கினமோ?" என்று கேட்டார். சர்ஜரி என்று இங்கே சொல்வது குடும்ப டொக்டர்மாரின் கிளினிக்கை; மெட்ஃபோர்மின் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) எழுதும் மாத்திரை.

அவர் பார்த்தது ஓப்பன் பிரிஸ்க்ரைபிங் என்ற தளம். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொக்டர் பென் கோல்டேக்கர் குழு நடத்துவது; இங்கிலாந்தின் எந்த சர்ஜரியின் பெயரையும் அடித்துத் தேடலாம். உங்கள் சர்ஜரி சிவப்புக் கோடு, சுற்றிலும் உள்ள புள்ளிக்கோடுகள் மற்ற சர்ஜரிகள் நிற்கும் இடம்.

முதலில் காசு விஷயம். மாத்திரைக்கு இவ்வளவு என்று டொக்டருக்குக் கமிஷன் கிடையாது, மருந்தையும் தாங்களே கொடுக்கும் கிராமப்புற சர்ஜரிகள் மட்டும் வேறு கதை. அப்புறம், அந்தக் கோடு ஆயிரம் நோயாளிக்கு இத்தனை என்றுதான் சொல்லும், அந்த ஆயிரம் பேர் யார் என்று சொல்லாது. தெற்காசியருக்குச் சீனி வருத்தம் வெள்ளையரை விடப் பல மடங்கு கூட வருகிறது, அதுவும் இளவயதிலேயே, உடம்பு மெலிந்திருக்கும்போதே. ஹரோவில் எங்கள் ஆட்களும் குஜராத்திகளும் நிறைந்த ஒரு சர்ஜரியில் மெட்ஃபோர்மின் சராசரிக்குக் கீழே கிடந்தால்தான் நான் கவலைப்படுவேன், பாதிப் பேருக்கு வருத்தமே கண்டுபிடிக்கப்படவில்லையோ என்று.

இன்னொரு கூத்தும் உண்டு. அங்கே எண்ணுவது ஆட்களை அல்ல, மருந்துத் துண்டில் உள்ள வரிகளை, அதுவும் ஃபார்மசியில் மருந்து கொடுக்கப்பட்டவற்றை மட்டும். ஒரே மாத்திரையை ஒரு சர்ஜரி 28 நாளுக்கும் பக்கத்து சர்ஜரி 56 நாளுக்கும் எழுதினால், முதல் சர்ஜரியின் கணக்கு இரண்டு மடங்காகத் தெரியும், விழுங்கியது ஒரே அளவுதான். நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும் பரசிட்டமோல் இதில் வரவே வராது.

அப்படியானால் இந்தக் கணக்கு வீணா? இல்லை. ஆள் யார் என்ற சாட்டு அவ்வளவு எடுபடாத இடங்கள் இருக்கின்றன. ஒக்மென்டின் என்று நாங்கள் சொல்லும் கோ-அமொக்ஸிக்ளாவ், செஃபலோஸ்போரின், குயினலோன் ஆகிய மூன்று வகையும் சேர்ந்து ஒரு பகுதியின் சர்ஜரிகள் எழுதும் எல்லா அன்டிபயோட்டிக்கிலும் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது என்.எச்.எஸ். என்ற அரச மருத்துவ சேவை வைத்த இலக்கு. காரணம், இவை பலவகைக் கிருமியையும் ஒன்றாகச் சாய்ப்பவை, குடலில் நல்ல கிருமியும் போய் சி.டிஃப் என்ற கிருமியால் கடும் வயிற்றோட்டம் வரலாம், மருந்துக்கு மசியாத கிருமியும் பெருகும். உங்கள் சர்ஜரி இதில் வருடக்கணக்காக மேலே நின்றால், நோயாளர் குழுக் கூட்டத்தில் தாராளமாகக் கேளுங்கள், சண்டைக்கு அல்ல, ஏன் என்று. ஆனால் ஒரு மாதம் கோடு எகிறியதை வைத்துக் கேட்காதீர்கள், சின்ன சர்ஜரியில் நாலைந்து துண்டு கூடினாலே கோடு துள்ளும்.

அண்ணைக்கு இவ்வளவையும் சொன்னேன். "சரி, அப்ப என்ரை மெட்ஃபோர்மின்?" என்றார். கடைசியாக எப்போது எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கொவிட்டுக்கு முந்தியாம்.