மைக் செட், தலைக்கட்டு, அடிபம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து அங்கே ஒரு போன் வந்தது. வேலைக்குப் போயிருந்த ஊர்க்காரர் ஒருவர், சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள் வீட்டில். உடனே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அதன் கதவை உடைத்து உள்ளே போய், அங்கிருந்த மைக் செட்டில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த போனைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மைக் செட்தான் பெரிதாகத் தெரிகிறது. அது சுனாமிக்காக வைத்ததே இல்லை. அன்றைக்கு அலை எவ்வளவு உயரம் இருக்கும், மீன் என்ன விலை போகிறது, எந்த அரசுத் திட்டத்துக்கு எப்போது மனுப் போடுவது, இதையெல்லாம் அன்றாடம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி அது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவெடுத்துப் பழகிய மக்கள், ஓடுங்கள் என்று அது சொன்னபோது நின்று யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஊர் பேரிடரைத் தாங்குமா, அடி வாங்கினாலும் எழுந்து நிற்குமா என்பதை முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது, அந்தத் திறனை எப்படி வளர்ப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். காவிரிக் கடைமடையிலும் அதை ஒட்டிய கடலோரத்திலும் இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதிப்பீடு என்றாலே ஒரு படிவம் வந்துவிடும். எத்தனை பாதுகாப்பு மையம், எத்தனை படகு, எத்தனை ஜேசிபி, எத்தனை மர அறுப்பு இயந்திரம், எத்தனை மணல் மூட்டை. இதெல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. சில படிவங்கள் கடைசியில் கூட்டிப் பார்த்து ஊருக்கு ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடும். அந்த மதிப்பெண்ணில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நூற்றுக்கு எழுபது வாங்கிய ஊரில், விடுபட்ட முப்பது யார் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று அது சொல்லாது.

ஆகவே தரையிலிருந்து தொடங்குவோம். கோயில் திடலிலோ பள்ளிக்கூட வாசலிலோ, கோலமாவும் செங்கல்பொடியும் கொடுத்து, ஊர்க்காரர்களையே ஊரை வரையச் சொல்வோம். ஆண்கள் வரைந்தால் படகுத்துறையும் கோயிலும் டீக்கடையும் முதலில் வரும். பெண்கள் வரைந்தால் தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, இருட்டினால் நடக்கப் பயப்படுகிற சந்து. பிள்ளைகளிடம் கொடுத்தால் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். வரைந்து முடித்ததும் நாங்கள் பார்ப்பது, அதில் எது வரவில்லை என்பதைத்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி பல ஊர்களில் முதல் வரைபடத்தில் இருக்காது. யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. ஊர் என்றதும் மனதில் வரும் எல்லை அவ்வளவுதான். புயல் வந்தால் செய்தி போய்ச் சேராத இடமும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்போம்: இந்தத் தெருவில் ராத்திரி யார் தனியாகப் படுக்கிறார்கள், எந்த அறையில்? கேட்டதும் சிரிப்பார்கள். ஜப்பானில் அவாஜி தீவில் ஹொக்குதான் என்றொரு சிற்றூர். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரத்தைக் குலைத்துப்போட்ட நிலநடுக்கம், அந்த ஊரின் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. வீடுகள் சரிந்து சுமார் 300 பேர் இடிபாடுகளுக்குள் சிக்கினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை பேரையும் ஊர்க்காரர்களே தோண்டி எடுத்துவிட்டார்கள். எந்தக் கிழவி வீட்டின் எந்த மூலையில் படுப்பார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீடு முழுக்கக் கிளறாமல், நேராக அந்த மூலையில் தோண்டினார்கள். நவீனக் கருவிகளுக்குப் பேர்போன நாட்டில் நடந்தது இது.

நம் ஊர்களுக்கு இந்த நெருக்கம் புதிதா என்று கேட்பீர்கள். புதிதில்லை. ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாகை மாவட்டத்தில் மட்டும் சுனாமி 6,000 உயிர்களுக்கு மேல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களில் சாவு விழாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்தில் வேகமாக இயங்கியவை மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள். இது தேர்தலில் வரும் ஊராட்சி மன்றம் இல்லை. பரம்பரையாக ஊரைக் கட்டிக்காக்கும் பஞ்சாயத்தார். முகாமில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணோம், வந்த அரிசியை எப்படிப் பிரிப்பது, எந்தத் தொண்டு நிறுவனத்திடம் என்ன கேட்பது, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. வெளியூரிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்து இறங்கியபோது அடிதடி இல்லாமல் பங்கு பிரித்த ஊர்கள் நிறைய. எந்தப் படிவத்தை வைத்து அளந்தாலும் அது பெரிய பலம்.

ஆனால் பங்கு எந்தக் கணக்கில் பிரிந்தது? பெரும்பாலும் தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் வரி கொடுப்பான், ஊரில் அவனுக்குப் பங்கு உண்டு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் பெண், பல ஊர்களில் அந்தக் கணக்கில் வரவில்லை. மீனவ ஊரை ஒட்டி வாழ்ந்த தலித் கூலிக் குடும்பங்கள் வரவில்லை. உப்பங்கழியில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இருளர்கள், படகு இல்லாததால் மீனவர் கணக்கிலேயே சேரவில்லை. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச் இந்தக் கடலோரத்தை ஆராய்ந்து இதைத்தான் சொன்னார்: உள்கட்டு இறுக்கமாகவும் வெளித்தொடர்பு நன்றாகவும் இருந்த ஊர்கள் சீக்கிரம் எழுந்தன, அதே இறுக்கம், வெளியே நின்றவர்களை இன்னும் வெளியே தள்ளியது.

இதைக் கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நடுராத்திரியில் ஊரை எழுப்பும் அமைப்பைக் கலைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவை வைக்க முடியாது. ஆனால் நிவாரணப் பட்டியலைத் தலைக்கட்டுக் கணக்கில் எழுதக் கூடாது. அடுப்புக் கணக்கில் எழுத வேண்டும். தனியாக உலை வைக்கும் எவருக்கும் ஒரு பெயர். இந்த ஒரு மாற்றத்துக்கு ஊர் ஒப்புக்கொள்கிறதா என்பதையே மதிப்பீட்டில் ஒரு கேள்வியாக வைக்கலாம். சில இடங்களில் மகளிர் குழுக்கள் தங்கள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்து வாதாடிச் சாதித்திருக்கிறார்கள். சில இடங்களில் இன்னும் பேச்சுவார்த்தைதான்.

சரி, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எச்சரிக்கை இந்த முறை சரியாக வந்தது. 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குப் போனார்கள். 2004-ல் எச்சரிக்கையே இல்லாமல் நின்ற கரைக்கு இது பெரிய முன்னேற்றம். நடுவில் 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையமும் செயல்படத் தொடங்கியிருந்தது.

ஆனால் கஜா வேறு இடத்தில் அடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனால் விளக்கு போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீரும் போகும் என்பது மேல்நிலைத் தொட்டி காலியானபோதுதான் உறைத்தது. மோட்டார் ஓடினால்தானே தொட்டி நிறையும்? ஊர் ஊராக ஜெனரேட்டரை வண்டியில் கட்டி இழுத்துப்போய், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் கோபுரங்களும் ஊமையாகின. அடிபம்பைக் கழற்றாமல் வைத்திருந்த தெருக்கள் அந்த நாட்களில் தப்பித்தன. ஆகவே ஊரில் வேலை செய்யும் அடிபம்பு எத்தனை என்பது இன்று எங்கள் பட்டியலில் மேலே வந்துவிட்டது. கரண்ட்டோடு சேர்ந்து ஊரில் வேறு என்னவெல்லாம் நின்றுபோகும் என்று ஒரு மாலை உட்கார்ந்து பேசிப்பாருங்கள், பட்டியல் நீளும். பேட்டரியில் ஓடும் ரேடியோ மட்டும் நிற்காது. வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருப்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்தது தென்னை. அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். அந்த ஆறேழு வருடம் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதற்கு 1,100 ரூபாயில் பதில் கிடையாது. தோப்பு முழுக்கத் தென்னையாகவே இருந்தவர்களுக்கு விழுந்த அடி ஆழமானது. ஊடுபயிர் வைத்திருந்தவர்கள், நாலு மாடு வைத்திருந்தவர்கள், வீட்டில் ஒருவர் வெளியே சம்பளம் வாங்கியவர்கள் சமாளித்தார்கள். தென்னைக்குக் காப்பீடு உண்டு என்பதை நிறைய பேர் மரம் விழுந்த பிறகுதான் கேள்விப்பட்டார்கள். ஒரே வருமானத்தில் நிற்கும் ஊருக்கு எவ்வளவு நல்ல முகாம் கட்டினாலும் அரைவேலைதான் ஆகியிருக்கிறது.

அதே பேராவூரணியில் இன்னொன்றும் நடந்தது. புயலுக்குப் பிறகு நிவாரணத்துக்காக ஒன்றுசேர்ந்த இளைஞர்களும் விவசாயிகளும் கலைந்துபோகவில்லை. 2019-ல் நன்கொடை திரட்டி, வருடக்கணக்காகத் தூர்ந்து கிடந்த பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். கடைமடைக்குக் குளம் என்றால் பாசனம், நிலத்தடி நீர், வெள்ளம் வந்தால் வடிகால் எல்லாம்தான். அதைவிட, குளத்துக்கு உண்டியல் குலுக்கியவர்களுக்கு ஒருவர் போன் நம்பர் ஒருவரிடம் இருக்கிறது. யார் சொன்னால் யார் டிராக்டர் கொடுப்பார் என்று தெரிந்திருக்கிறது. அடுத்த புயலுக்கு அவர்களிடம் எந்தப் பயிற்சிக் கையேடும் இல்லாமல் போகலாம், பரவாயில்லை.

கட்டடங்களைப் பற்றிச் சுருக்கமாக. கடலோரத்தில் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வெளியூர் போனால் யாரிடம்? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஆட்டை எங்கே கட்டுவது? சிரிக்க வேண்டாம், ஆட்டை விட்டு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு புயலிலும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. மையத்தில் டியூஷன் நடந்தால், மகளிர் குழுக் கூட்டம் நடந்தால், பூட்டு துருப்பிடிக்காது. ஒத்திகையையும் கலெக்டர் வரும் பகல் நேரத்தில் பந்தல் போட்டுச் செய்யாமல், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி செய்துபாருங்கள். சக்கர நாற்காலி எந்தப் படியில் நிற்கிறது என்று அப்போது தெரியும்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் அக்டோபர் 2, வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது வருகிறது. அன்று ஊர்ப் பேரிடர் திட்டத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று அங்கேயே கேளுங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் கூட்டத்தை அங்கேயே கொண்டுபோய் வைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. போனில் பதிந்தால் மட்டும் போதாது, போன் செத்துவிடும். அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.